கையெழுத்தைப் பார்த்தீர்கள், காகிதத்தைப் பார்த்தீர்களா?

கேள்வி: கலை பிரிண்ட் ஒன்று வாங்கப் போகிறேன். விற்பவர் ‘மியூசியம் குவாலிட்டி’ என்கிறார். நம்பலாமா?

பதில்: அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். காகிதம் எது, மை எது என்று கேளுங்கள். அமிலமில்லாத பருத்திக் காகிதம், பிக்மென்ட் (நிறமித் துகள்) மை என்று எழுத்தில் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். மலிவான மரக்கூழ்க் காகிதம், மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருளால் மஞ்சளாகும். டை (சாய) மை சீக்கிரம் வெளுக்கும். “நல்ல காகிதம் சார்” என்று மட்டும் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி: ஜன்னலுக்கு எதிரே மாட்டிய பிரிண்டில் சிவப்பும் மஞ்சளும் போய் நீலம்தான் மிச்சம். யார் மீது புகார் கொடுப்பது?

பதில்: சூரியன் மீது.

கேள்வி: லிமிடெட் எடிஷன், 3/500, அதாவது 500 பிரதிகளில் மூன்றாவது. எண் குறைவு என்பதால் கூடுதல் விலை கேட்கிறார்கள். நியாயமா?

பதில்: டிரைபாயின்ட், அதாவது செப்புத் தகட்டில் ஊசியால் கீறி எடுக்கும் அச்சு என்றால் ஓரளவு நியாயம். கீறும்போது எழும் பிசிறு அச்சிட அச்சிடத் தேய்ந்துபோகும். முதலில் எடுத்த பிரதிகளில்தான் கோடு அடர்த்தியாக விழும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தது என்றால் மூன்றாவதும் நானூறாவதும் ஒன்றுதான்.

எனக்கு வயிற்றெரிச்சல் அந்த ‘லிமிடெட்’ மீதுதான். பல இடங்களில் அந்த வரம்பு ஒரு அளவுக்கு மட்டும். 500 விற்றதும் அதே படம் கொஞ்சம் பெரிதாக இன்னொரு 500 வரும். அப்புறம் கேன்வாஸில். போதாததற்கு ‘ஆர்ட்டிஸ்ட் புரூஃப்’ என்று கணக்கில் சேராத பிரதிகள் வேறு. ‘கடைசிப் பிரதி’ என்று நானும் ஒன்றை வாங்கினேன். பிறகு அதே கடையில் அதே படம் இரண்டு மடங்கு அளவில் தொங்கியது. என்னுடையது இப்போது அலமாரிக்குப் பின்னால். எல்லா அளவும் புரூஃபும் சேர்த்து மொத்தம் எத்தனை, இனி அச்சிட மாட்டீர்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சர்டிஃபிகேட்டில் இது இல்லையென்றால் அது வெறும் அலங்காரத் தாள். கையெழுத்தைக் காட்டி மயக்கினால் ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வெற்றுத் தாள்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். கையெழுத்து அசல்தான், படம் பின்னால் வந்து ஏறியது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பிரிண்ட், சுவரை நிறைக்கும் என்று பார்த்தால் நோட்டுப் புத்தக அளவில் வந்திருக்கிறது.

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலேயே சென்டிமீட்டரில் அளவு இருக்கிறது. படித்திருக்கலாம். அதுவும் காகிதத்தின் அளவு. வெள்ளை ஓரம் போகப் படம் இன்னும் சின்னது. அடுத்த முறை செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பரிசாக, சேமிப்பைப் போட்டு, கல்லில் வரைந்து எடுத்த ‘ஒரிஜினல் லித்தோகிராஃப்’ என்று ஒன்றை வாங்கினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வரிசையாகக் கலர்ப் புள்ளிகள். கடைக்காரர் “எல்லாமே அப்படித்தான்” என்கிறார்.

பதில்: இல்லை, அவர் பொய் சொல்கிறார். சியான், மஜென்டா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்காக வட்டம் கட்டி நின்றால் அது ஆஃப்செட், காலண்டர் அச்சாகும் முறை. கல்லில் வரைந்ததில் கிரேயானின் சொரசொரப்பு ஒழுங்கில்லாமல் தெரியும். உங்கள் மீது ஒரு தப்பும் இல்லை. சொன்ன பொருளை அவர் தரவில்லை. பில், விளம்பர ஸ்கிரீன்ஷாட், அந்தப் புள்ளிகளின் குளோசப் எல்லாவற்றையும் சேர்த்துப் பணத்தை எழுத்தில் திரும்பக் கேளுங்கள். போன் பேச்சு வேண்டாம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் உடனே சொல்லுங்கள். அதற்குக் கெடு உண்டு. அதுவரை ஃபிரேமைப் பிரிக்காதீர்கள், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று திருப்பிவிடுவார்.

கேள்வி: ஓரத்தை வெட்டி, அட்டையில் பசை போட்டு ஒட்டித் தரட்டுமா என்கிறார் ஃபிரேம் போடுபவர்.

பதில்: வேண்டவே வேண்டாம். ஓரத்தோடு விலையும் வெட்டுப்படும். மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகிதத்தையும் மாவுப் பசையையும் வைத்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். மவுண்ட் அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும், கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. செல்லோடேப்பை எடுத்தால் பிரிண்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.