மெட் பேப்பர் பாஸ், வானம் இன்னும் பாக்கி

கேள்வி: விமானியாகப் பயிற்சி பெறுகிறேன். டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடத்தும் வானிலைத் தேர்வில் தேறிவிட்டேன். ஆனால் பயிற்றுநர் மெட்டார் என்கிற விமான நிலைய வானிலை அறிக்கையைக் காட்டி, "இன்னைக்குப் பறக்கலாமா, சொல்லு" என்றால் முழிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பல்லாவரம்

பதில்: கேள்வித் தொகுப்பை உருப்போட்டு 70 சதவீதத்தைத் தாண்டியவர்கள் பலரும் முழிக்கிற இடம்தான் இது. அந்தத் தேர்வில் காற்று யாருக்காகவும் திசை மாறுவதில்லை, அதுதான் சிக்கல்.

உங்களுக்கு மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே அரை மணிக்கொரு மெட்டார் வருகிறது. காலையில் மொட்டை மாடிக்குப் போய் முதலில் வானத்தைப் பார்த்து நீங்களே ஒரு மெட்டார் எழுதுங்கள், அப்புறம் போனைத் திறந்து ஒப்பிடுங்கள். வரிசை மாறக் கூடாது. நேரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், 0100 என்றால் நமக்குக் காலை ஆறரை.

மார்கழிக் காலையில் '30003 கே.டி. 2000 பி.ஆர். 22/21' என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 300 டிகிரியிலிருந்து 3 நாட் காற்று, பார்வைத் தொலைவு 2000 மீட்டர், மூட்டம். இதுவரை எல்லாரும் படித்துவிடுவார்கள். கடைசியில் இருக்கும் வெப்பநிலையையும் (22) பனிநிலையையும்தான் (21, காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) பலர் சும்மா தாண்டிப் போகிறார்கள். இரண்டுக்கும் ஒரே டிகிரிதான் இடைவெளி, காற்றும் அவ்வளவாக அசையவில்லை, சூரியனும் இப்போதுதான் எழுகிறது என்றால் மூட்டம் இன்னும் கெட்டியாகலாம். வெயில் ஏறி இடைவெளி மூன்று நாலு டிகிரி ஆகும்போது விலகத் தொடங்கும். ஆக "பறக்கலாமா" என்பதற்கு, "இப்ப வேண்டாம் சார், எட்டரை மெட்டாரைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பதும் நல்ல பதில்தான்.

கோடையில் இதைவிடச் சுவாரசியம். காலையில் மேற்கிலிருந்து சுடச்சுட அடிக்கும் காற்று, மதியவாக்கில் கடற்காற்று நுழைந்ததும் சட்டென்று தென்கிழக்குக்குத் திரும்பும், வெப்பநிலை குறையும், பனிநிலை ஏறும், 25-ஆம் ஓடுபாதையில் மேற்கு பார்த்து இறங்கிக்கொண்டிருந்த விமானங்கள், அதே பாதையில் கிழக்கு பார்த்து இறங்கும் 07-க்கு மாற வேண்டி வரலாம். இதை அடுத்தடுத்த மெட்டார்களில் நீங்களே பிடித்துவிட்டால், புத்தகத்தில் கடற்காற்று பற்றி வரும் படத்தை மறுபடி திறக்கவே தோன்றாது.

சி.பி. என்ற இரண்டெழுத்து வந்தால் மட்டும் பேரம் பேசாதீர்கள். இடிமேகம் அது. அதன் அடியில் இறங்கும் காற்று தரையில் மோதி நாலா பக்கமும் சிதறும். மழை உங்கள் ஓடுபாதைக்கு வருவதற்கு முன்பே அந்தக் காற்று வந்துவிடும். 20 கடல்மைல் தள்ளியே இருக்கச் சொல்வது இதனால்தான். ஜூன், ஜூலையில் சாயங்காலம் மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தால், பயிற்றுநர் கேட்கும் முன்னாடியே விமானத்தைக் கட்டிப் போடச் சொல்லுங்கள்.