எச்பிஏ1சி 5.4 என்றால் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் டெஸ்ட் தேவையில்லையா?

நீங்கள் கேட்டது இரண்டு. மனைவிக்குக் கர்ப்பம் 26 வாரம், எச்பிஏ1சி (இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் டெஸ்ட்) 5.4, ஹீமோகுளோபின் 9.8. கிளினிக்கில் கர்ப்பகால நீரிழிவு இருக்கிறதா என்று பார்க்க ஓஜிடிடி, அதாவது குளுக்கோஸ் குடித்துச் செய்யும் டெஸ்ட், எடுக்கச் சொல்கிறார்கள், அதற்காக இன்னொரு தடவை டவுனுக்குப் போகத்தான் வேண்டுமா? அடுத்தது, போன கிழமை அப்பாவுக்கு விடிய நெஞ்சு அமுக்கியபோது ட்ரோபோனின் நெகட்டிவ் வந்தது. அதை நம்பி இருக்கலாமா?

அப்பாவின் விஷயத்தை முதலில் சொல்கிறேன், அது காத்திருக்காது. ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை சேதமாகி, அது இரத்தத்தில் கசிந்து, டெஸ்டில் பிடிபடும் அளவுக்கு ஏற 3 மணி நேரம் வரை பிடிக்கலாம். சாதாரண ஸ்ட்ரிப்பில் 6 மணி நேரமும் ஆகலாம். விடிய 5 மணிக்கு அமுக்கம் தொடங்கி 6 மணிக்கு இரத்தம் எடுத்திருந்தால் அந்த நெகட்டிவ்வுக்குப் பெறுமதியே இல்லை. சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்து, இரண்டு எண்ணையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் அந்த மாற்றம்தான் சேதி. சிறுநீரக நோய் உள்ளவருக்கு மாரடைப்பு இல்லாமலே எண் உயர்ந்து அப்படியே நிற்கும், அதனாலும் ஒற்றை எண் போதாது. கூடவே ஈசிஜியும் வேண்டும். ட்ரோபோனின் ஏறினால் ஒரு கிழமை, சில வேளை இரண்டு கிழமைகூட இரத்தத்தில் தங்கும், ஆகவே இப்போதும் பிந்தவில்லை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், அமுக்கம் தொடங்கிய நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் சொல்லுங்கள். மறுபடி அமுக்கினால், வியர்த்தால், மூச்சு வாங்கினால் கேஸ்ட்ரைட்டிஸ் என்று சோடா கொடுத்துப் பார்த்திருக்க வேண்டாம். உடனே இலங்கையின் அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழையுங்கள்.

இனி மனைவியின் டெஸ்ட். கட்டாயம் எடுக்க வேண்டும்.

எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் சீனி எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதனால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். கர்ப்பத்தில் புதுப் பணுக்கள் வேகமாக உருவாவதால் எண் இறங்கிவிடும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அதே எண் பொய்யாக ஏறும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையை ஒழுங்காகக் குடிக்கத் தொடங்கினால் திரும்பவும் இறங்கும். ஹீமோகுளோபின் கர்ப்பத்தின் நடு மூன்று மாதத்தில் 10.5க்கும், மற்ற மாதங்களில் 11க்கும் கீழே போனாலே இரத்தசோகை. 9.8 உள்ளவரின் 5.4 எந்தப் பக்கம் இழுபட்ட எண் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதோடு, நஞ்சுக்கொடியின் ஹோர்மோன்கள் இன்சுலினை மறித்துச் சீனியை ஏற்றுவது பெரும்பாலும் 24 வாரத்துக்குப் பிறகுதான். முந்திய மாதங்களின் சராசரியில் அது தெரியாது.

டெஸ்டுக்கு முந்திய மூன்று நாளும் வழமைபோல் சோறு, ரொட்டி சாப்பிடட்டும். பயந்து பட்டினி கிடந்தால் குளுக்கோஸ் குடித்த பிறகு எண் பொய்யாக ஏறும். முதல் நாள் இரவு 9 மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும். தேயிலைத் தோட்டத்தில் இது பிழையாகிப்போவது பெரும்பாலும் காலைப் பிளேன்டீயில்தான். சீனி போட்ட ஒரு கப் குடித்துவிட்டு ‘ஒன்றும் சாப்பிடவில்லை’ என்பார்கள், வெறும் வயிற்று எண் கெட்டுப்போகும். லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறி இறங்கி வந்தவர் அரை மணி நேரம் உட்கார்ந்து ஆறிய பிறகு முதல் இரத்தம் எடுக்கட்டும். பிறகு 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். முதல் மிடறிலிருந்தே நேரத்தை எண்ணுங்கள். 1 மணி நேரத்திலும் 2 மணி நேரத்திலும் மறுபடி இரத்தம். இடையில் கடைத்தெருவுக்கு நடக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் அன்றைக்கு விட்டுவிட்டு வேறொரு நாள் செய்யுங்கள்.

டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் எல்லைகள் இவை: வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. மூன்றில் ஏதாவது ஒன்று அந்த அளவைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. ரிப்போர்ட் மில்லிமோலில் வந்தால் 18ஆல் பெருக்கிப் பாருங்கள்.

எங்கே இரத்தம் கொடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை. குழாயில் அடைத்த பிறகும் சிவப்பணுக்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். உண்மையில் 94 இருந்த இரத்தம் ஒரு மணி நேரத்தில் 88 ஆகி, ‘நோர்மல்’ என்று ரிப்போர்ட் வந்துவிடும். சாம்பல் மூடிக் குழாயிலுள்ள புளோரைட் மருந்தும் முதல் ஒரு மணி நேரத்தில் இதை முழுதாகத் தடுக்காது. சிறு டவுனில் எடுத்து வேனில் கண்டிக்கு அனுப்பும் இடத்தைவிட, அங்கேயே மெஷினில் பார்க்கும் ஆஸ்பத்திரி நல்லது. விரலில் குத்திப் பார்க்கும் மீற்றர் இதற்கு ஆகாது. நோய் உறுதியான பிறகு வீட்டில் கவனிக்க அது போதும்: வெறும் வயிற்றில் 95க்கும், சாப்பிட்டு இரண்டு மணியில் 120க்கும் கீழே வைத்திருக்கப் பார்ப்பார்கள்.

நீரிழிவு என்று வந்துவிட்டால், பிரசவத்தோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பிற்காலத்தில் இவர்களுக்குச் சீனி வியாதி வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், இதய நோய்க்கும் கூடுதல். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் டெஸ்டை மறுபடி எடுக்க வேண்டும். பிள்ளைக்கு 2 மாத ஊசி போடும் கிழமையை இதற்கும் சேர்த்துக் கிளினிக் கொப்பியில் இப்போதே எழுதி வையுங்கள்.