சேப்பாக்கத்தில் எந்தப் பக்கம் உட்காரலாம்?

கேள்வி: திருச்சியிலிருந்து 70 வயது அப்பாவையும் பத்து வயது மகனையும் சேப்பாக்கத்துக்கு ஐபிஎல் பார்க்க அழைத்துவருகிறேன். எந்தப் பக்கம் டிக்கெட் எடுப்பது? எழும்பூரில் இறங்கி எப்படிப் போவது? 1986இல் இங்கே இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி டை ஆன டெஸ்ட்டை ரேடியோவில் கேட்ட அப்பா, பழைய மைதானத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்கிறார்.

பதில்: விலையைப் பார்ப்பதற்கு முன் திசையைப் பாருங்கள். மைதானத்துக்குக் கிழக்கே பறக்கும் ரயில் நிலையம், மேற்கே பெல்ஸ் ரோடு. பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு ரயில் நிலையப் பக்கம் உட்கார்ந்தால் மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும். சூரியன் கூரைக்குப் பின்னால் இறங்கும்வரை பந்தைப் பார்ப்பதே பாடு. பெல்ஸ் ரோடு பக்கம் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஏழரை மணி ஆட்டம் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். டெஸ்ட்டுக்கு வருபவர்களுக்குக் காலையில் இதே கணக்கு தலைகீழ்.

அடுத்தது உயரம். மேல் அடுக்கில் ஃபீல்டிங் அமைப்பு முழுதும் தெரியும், மகனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தோது. ஆனால் படிகள் அதிகம், அப்பாவுக்குக் கீழ் அடுக்குதான் சரி. அதிலும் முதல் சில வரிசைகளைத் தவிருங்கள்: கூரை அதுவரை எட்டாது, முன்னால் வேலி வேறு மறைக்கும். இன்னொன்று, சேப்பாக்கம் சுழற்பந்துக்குப் பேர்போன இடம். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்தின் வேகம் தெரியும், திரும்புவது தெரியாது. அதைப் பார்க்க ஆடுகளத்தின் இரு முனைகளான அண்ணா பெவிலியன் முனை, பட்டாபிராமன் கேட் முனை இரண்டில் ஒன்றுக்குப் பின்னால் இருக்க வேண்டும். டிக்கெட் விலை அதிகம்தான், கட்டுப்படியானால் அங்கேயே எடுங்கள்.

எழும்பூரில் இறங்கியதும் மெட்ரோ பிடியுங்கள். சென்ட்ரல் ஒரே நிறுத்தம். அங்கே நீல வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் அரசினர் தோட்டம். லிஃப்டும் நகரும் படிக்கட்டும் இருக்கின்றன. அங்கிருந்து வாலாஜா சாலையில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடை. சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் மைதானத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தாலும், அது உயரத்தில் இருக்கிறது. ஆட்டம் முடிந்த கூட்டத்தில் அந்தப் படிகளில் வயதானவரோடு சிக்கிக்கொள்ள வேண்டாம். திரும்பும் டிக்கெட்டை வரும்போதே எடுத்து, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று அன்றைய அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பந்து விழுந்ததும் எழாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தால் வாசல் நெரிசல் பாதியாகிவிடும்.

தண்ணீர் பாட்டில், பெரிய பை, பவர் பேங்க் ஆகியவற்றை வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். அத்தனை ஆயிரம் பேர் ஒரே இடத்தில் கூடும்போது சிக்னல் படுத்துவிடும் என்பதால் செல்போன் டிக்கெட்டை மெட்ரோவிலேயே திறந்து வையுங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் வாசல் எண்ணையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். தப்பான வாசலில் வரிசையில் நின்றால் மைதானத்தைச் சுற்றி வர வேண்டியதாகிவிடும்.

கடற்காற்று உண்டு, புழுக்கமும் உண்டு. அப்பா ரேடியோவில் கேட்ட அதே டெஸ்ட்டில் 210 ரன் அடித்த ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ், ஆடுகளத்திலேயே வாந்தியெடுத்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனது செப்டம்பர் மாதத்துப் புழுக்கத்தில். அதனால் உள்ளே போகும் முன்பே அப்பாவை நன்றாகத் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

பழைய கட்டடத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். பார்வையை மறைத்த தூண்களோடு இருந்த பழைய கேலரிகளை இடித்து, 2011 உலகக் கோப்பைக்காகக் கூடாரம் போன்ற வெள்ளைக் கூரையோடு கட்டினார்கள். காற்று வரட்டும் என்று ஸ்டாண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டது அப்போதுதான். அதில் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் அனுமதிச் சிக்கலில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது தனிக்கதை. 2023இல் பெவிலியன் பக்கமும் புதிதானது. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள அந்த மண்தான். 1952இல் வினூ மன்கட் 12 விக்கெட் எடுத்து, இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்ட்டை ஜெயித்தது அங்கேதான். அப்பா கேட்ட 1986 டெஸ்ட்டில் இந்தியா 347 ரன்னில் இருந்தபோது கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆகி, இரு அணி ரன்னும் சமமாகி ஆட்டம் டை ஆனதும் அங்கேதான். உட்கார்ந்ததும் அப்பாவுக்கு அதைக் காட்டுங்கள்.