இலைக்கறியும் சிநேகமும்
(டீச்சரிடம் கேளுங்கள்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே காரியத்தைச் சுற்றி வருகின்றன. விசுவாசக் குடும்பமாக, வீட்டில் எளிமையாக, இயற்கையோடு ஒட்டி வாழ்வது எப்படி? எல்லாக் கடிதங்களுக்கும் பதில் எழுத இங்கே இடமில்லை. தள்ளிவைக்க முடியாதவற்றை எடுத்துக்கொண்டேன்.

டீச்சர், குடும்ப முகாம் ஒன்றுக்குப் போய் வந்ததிலிருந்து என் கணவர், "கர்த்தர் நம்மை எளிமையாக வாழ அழைக்கிறார்" என்கிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாக்கெட் மாவு கூடாது, பிஸ்கெட் கூடாது, சோப்புத்தூள் கூடாது, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டுமாம். நானும் வேலைக்குப் போகிறவள். இரண்டு பிள்ளைகள். விடியுமுன் எழுந்தும் முடியவில்லை. முடியாது என்றால் "உனக்கு விசுவாசம் குறைவு" என்கிறார். என்ன செய்ய?
– வாசகி, கோயம்புத்தூர்

மகளே, கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மாவு கடையில் வாங்கியதா, வீட்டில் ஆட்டியதா என்று பார்த்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்க முடியாது. இதை உன் கணவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். இந்தப் பக்கத்தை அவரிடம் வாசிக்கக் கொடு.

தம்பி, உங்கள் ஆசை நல்ல ஆசை. அதை அணைத்துவிட வேண்டாம். ஆனால் நீங்கள் நினைத்துப் பார்க்கிற அந்தப் பழைய அடுக்களையில் எத்தனை கைகள் இருந்தன? எங்கள் வீட்டில் ஆட்டுரலுக்கு அம்மா, அம்மிக்கு ஆச்சி, புடைக்கவும் கொழிக்கவும் அத்தை, தண்ணீர் எடுக்க நாங்கள். அத்தனை பேர் சேர்ந்து செய்தும் பெண்களுக்கு உட்கார நேரமிருந்ததில்லை. அந்த வேலை மொத்தத்தையும் அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்கு வீடு திரும்பும் ஒருத்தியின் தலையில் வைத்துவிட்டு, அதற்கு எளிமை என்று பேர் சொல்லலாமா? உங்களுக்கு அது எளிமை. அவளுக்கு அது சுமை.

பெத்தானியா வீட்டில் மார்த்தாள் என்ன சொன்னாள்? "நான் தனியே வேலைசெய்யும்படி என் சகோதரி என்னை விட்டுவந்திருக்கிறதைக்குறித்து, உமக்குக் கவலையில்லையா?" அந்த "தனியே" என்பதில் எத்தனை வீட்டுப் பெண்களின் அழுகை இருக்கிறது! ஆண்டவர் அவளைப் பேர் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார். அவளுடைய கவலையையும் கலக்கத்தையும் கண்டார். யோவான் 21-ஐயும் திறந்து பாருங்கள். இரவெல்லாம் வலை போட்டுக் களைத்த சீஷர்கள் கரைக்கு வரும்போது, அங்கே கரிநெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. "வாருங்கள், போஜனம் பண்ணுங்கள்" என்கிறார். உயிர்த்தெழுந்த கர்த்தர் தம் கையாலேயே காலை ஆகாரம் ஆயத்தம் பண்ணியிருக்கிறார். வீட்டுத் தலைவராக நீங்கள் பின்பற்றுவதற்கு இதைவிட நல்ல மாதிரியை நான் காணேன்.

ஆகவே சனிக்கிழமை மாவாட்டும் வேலை உங்களுடையது. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். நாலு மணி நேரம் ஊற வேண்டும். முதலில் உளுந்தைப் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டுங்கள். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். பிறகு அரிசி. உப்புப் போட்டு, கரண்டியால் அல்ல, கையால் கலக்குங்கள். கல்லைக் கழுவிக் கவிழ்த்துவைப்பதோடுதான் உங்கள் வேலை முடிகிறது. பூண்டு உரிப்பதையும் கீரை ஆய்வதையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

மகளே, இனி உனக்கு. எளிமை என்றதும் எல்லோரும் கடைப்பொருளுக்குப் பதிலாக வீட்டில் என்ன செய்யலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். நீ முதலில் மாதச் சாமான் பட்டியலை எடுத்து, எதை நிறுத்தினால் அதற்குப் பதிலாக ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை என்று பார். அறைக்கு வாசனை அடிக்கும் டப்பா, தரைக்கு ஒன்று குழாய்க்கு ஒன்று என்று வாங்கும் திரவங்கள், பாலில் கலக்கும் சத்துமாவு டின்... இவை போனால் உன் வேலை குறையுமே தவிரக் கூடாது. பிஸ்கெட்டுக்குப் பதில் வேகவைத்த கடலையோ வாழைப்பழமோ போதும். சோப்புத்தூள் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் கணவரிடம் இன்னொன்றும் கேள்: ஜே.சி. குமரப்பாவைத் தெரியுமா? 1892-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் செய்தவர். 1929-ல் காந்தியைச் சந்தித்தார். கோட்டும் சூட்டும் போய்க் கதர் வந்தது. 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வர்தாவில் இருந்து நடத்தினார். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் தங்கியிருந்தார்; 1960-ல் காலமானார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம் என்று அவர் பேசியதெல்லாம் இன்று நம் வீட்டு வாட்ஸ்அப்பில் ஆரோக்கியக் குறிப்பாகச் சுற்றுகிறது. ஆனால் அவர் வயிற்றை மட்டும் நினைத்துப் பேசவில்லை. நெல் ஆலைக்குப் போனால் தவிட்டோடு சத்தும் போகிறது, குத்துகிறவளின் கூலியும் போகிறது; இரண்டையும் சேர்த்தே பார்த்தார். நான் வாங்கும் பொருள் யாருடைய உழைப்பு, அவருக்கு அதில் சோறு கிடைத்ததா என்று கேட்டார். "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளையைச் சந்தைக்கும் கொண்டுபோனவர் அவர்.

அந்தக் கண்ணால் பார்த்தால், உங்கள் தெருவில் மாவாட்டி விற்கிற அக்காவிடம் நீ தூக்குவாளியைக் கொண்டுபோய் வாங்குவதில் என்ன குறை? பிளாஸ்டிக் பையும் இல்லை, அவள் வீட்டு அடுப்பும் எரியும். முடியாத வாரத்தில் மனச்சாட்சி உறுத்தாமல் அப்படியே செய். "பகையோடிருக்கும் கொழுத்த எருதின் கறியைப்பார்க்கிலும், சிநேகத்தோடிருக்கும் இலைக்கறியே நல்லது" என்கிறது நீதிமொழிகள் 15:17. சிநேகம் இல்லாமல் போனால், வெறும் இலைக்கறி மட்டும் நம் வீட்டைக் கட்டாது.

எங்கள் ஜெபக்குழுவில் ஒரு குடும்பம் பிள்ளைக்குத் தடுப்பூசியே போடவில்லை. தேவன் படைத்த உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். என் மனைவிக்கு ஏழாம் மாதம். வீட்டிலேயே பிரசவம் பார்ப்பதுதான் இயற்கை, அதுதான் விசுவாசம் என்று வற்புறுத்துகிறார்கள். குழப்பமாக இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

குழம்ப வேண்டாம் தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிள்ளை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்காமல் போனால், தாய்க்கு ரத்தம் கொட்டிப்போகும். அது யாருக்கு நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எல்லாம் நன்றாக இருந்தவளுக்கும் நேரும். அந்த நேரத்தில் ஊசி மருந்தும் ரத்தமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்காது.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவ வரும்படி ஐடா ஸ்கடர் என்ற இளம் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவரான அவர் தகப்பனாரை அனுப்பவா என்றால், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அந்த இரவைத் தேவனுடைய அழைப்பாக ஏற்று, அமெரிக்காவில் மருத்துவம் படித்து 1900-ல் திரும்பி வந்தார். வேலூர் சி.எம்.சி. அப்படித்தான் உண்டாயிற்று. அதற்கும் முன்பே, 1838-லேயே, நெய்யூரில் மருத்துவ ஊழியம் தொடங்கிவிட்டது. நம் சபைகளின் சரித்திரத்தில் ஜெபமும் மருந்தும் ஒரே வீட்டில்தான் இருந்திருக்கின்றன. பவுல் லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதுகிறார்; வைத்தியத்தை விட்டுவிடு என்று எழுதவில்லை.

தடுப்பூசிக்கும் இதே பதில்தான். பிள்ளை பிறந்ததும் காசநோய்க்கு எதிரான பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள்காமாலை பி ஊசி. பிறகு அட்டையில் உள்ளபடி. போலியோவில் கால் சூம்பிய பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். 2014-ல் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது, அந்தச் சொட்டு மருந்தால்.

இயற்கையாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் துடிக்கிறதா? நிறைய இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் வரும் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. சீனித்தண்ணீர் வேண்டாம், கழுதைப்பால் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவவே கூடாது; பச்சிளம் பிள்ளைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து இடுப்புத்துணியாகக் கட்டுங்கள். துவைப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே கோயம்புத்தூர்த் தம்பிக்குச் சொன்னதை வாசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் கடன். கிறிஸ்துமஸுக்கு ஒரு துணி, வருடப்பிறப்புக்கு ஒரு துணி, கேக், விளக்கு, விருந்து. குறைத்தால் பிள்ளைகள் முகம் வாடுகிறது.
– வாசகி, பாளையங்கோட்டை

துணி ஒன்று போதும் அம்மா. கிறிஸ்துமஸுக்கு உடுத்தியதைத் துவைத்துத் தேய்த்து வருடப்பிறப்பு ஆராதனைக்கும் உடுத்தலாம். பாலகன் இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுபோன மரியாளும் யோசேப்பும் என்ன காணிக்கை கொடுத்தார்கள் என்று லூக்கா 2:24-ல் பாருங்கள்: புறாக்கள். ஆட்டுக்குட்டி வாங்கச் சக்தியில்லாதவர்களுக்கு லேவியராகமம் 12 வைத்திருந்த சலுகை அது. கடன் வாங்கி ஆட்டுக்குட்டி கொண்டுபோகவில்லை.

பிள்ளைகள் முகம் வாடுவது, நாம் எடுத்துவிட்ட இடத்தைக் காலியாக விடுவதால். அவர்களைக் கூட்டி வேலையில் இறக்குங்கள். மூங்கிலைச் சீவி, நூல் கட்டி, கலர் தாள் ஒட்டி நட்சத்திரம் செய்யட்டும். பலகாரத்துக்கு நம் முந்திரிக்கொத்து இருக்கிறது: பாசிப்பயறை வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய் சேர்த்து, கருப்பட்டிப் பாகு விட்டு, சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். மறுநாள் மஞ்சள் போட்ட அரிசி மாவில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் விடுங்கள். உருட்டுவதற்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். ஒரு டப்பா நிறைய எடுத்து, அந்த வருடம் துக்கம் நடந்த வீட்டுக்கு அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

பிள்ளைகளுக்கு எளிமையைக் கற்றுக்கொடுக்க எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், சென்னை

பிடியரிசியிலிருந்து. எங்கள் பக்கத்துச் சபைகளில் பெண்கள் உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். கூடுதலாக அளந்து எடுத்துவைப்பதல்ல, நமக்கென்று அளந்ததிலிருந்து எடுப்பது. அன்றைக்குச் சோறு அந்த அளவு குறையும், ஆனாலும் யாரும் பட்டினி கிடந்ததில்லை. உங்கள் வீட்டில் அந்தப் பிடியைச் சின்னப் பிள்ளை எடுக்கட்டும். மாதக் கடைசியில் அந்த அரிசி யாருக்குப் போக வேண்டும் என்று குடும்ப ஜெபத்தில் அவர்களையே கேளுங்கள். ஜெபம் பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். செல்போன்கள், அப்பாவுடையதும் சேர்த்து, அடுத்த அறையில் இருக்கட்டும்.

சீனியை நிறுத்திவிட்டோம். நல்ல கருப்பட்டி எப்படிப் பார்த்து வாங்குவது?
– வாசகி, மதுரை

உடைத்துப் பாருங்கள். நல்லது உள்ளே மங்கலாக இருக்கும்; சீனி கலந்ததில் மணிமணியாக மினுங்கும். வாயில் போட்டால் இனிப்போடு லேசான உப்புக்கரிப்பும் தெரிய வேண்டும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தப் பதநீரை விறகடுப்பில் கிளறிக் கிளறிக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பதால் அடியில் அந்த அச்சு இருக்கும்; ஆனால் அச்சை மட்டும் நம்பாதீர்கள், கலப்படத்தையும் சிரட்டையில்தான் ஊற்றுகிறார்கள். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். அதற்காகப் பாளை சீவ ஒருவர் காலையும் மாலையும் மரம் ஏறி இறங்குகிறார். ஆகவே மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள், நல்லதென்றால் பேரம் பேசாதீர்கள். தூத்துக்குடி, திருநெல்வேலித் தேரிக்காட்டுச் சபைகள் பல, பனையேறிகளின் காணிக்கையில் எழும்பியவை. உடன்குடிப் பக்கம் உறவினர் இருந்தால் பருவத்தில் காய்ச்சுகிறவரிடமே வாங்கி, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள், மழைக்காலத்தில் இளகிவிடும்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால், கருப்பட்டியும் சர்க்கரைதான். அவர்களுக்குக் காப்பியில் அதையும் போடாதீர்கள்.