வாசகர் கேள்விகள்: மெத்தைக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம்

காலித் ஹுசைனியின் ‘தி கைட் ரன்னர்’ (2003) பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். படிக்காதவர்களுக்காக: காபூலில் பணக்காரப் பஷ்தூன் வீட்டுப் பிள்ளை அமீர், அதே வீட்டு வேலைக்காரர் அலியின் மகன் ஹஸன், ஒடுக்கப்பட்ட ஹஸாரா இனத்தவன். 1975 குளிர்காலத்தில் பட்டப் போட்டியில் அமீர் ஜெயித்த அன்று, அறுந்த பட்டத்தை எடுக்கப்போன ஹஸனை ஆஸிஃப் என்பவன் சந்தில் மடக்கி வன்கொடுமை செய்கிறான். அமீர் மறைந்து நின்று பார்த்துவிட்டு ஓடிவிடுகிறான். கதையின் முடிச்சுகளெல்லாம் கீழே அவிழ்கின்றன. படிக்கப்போகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பையன் பயந்து ஓடியதற்கு ஆயுள் முழுக்கக் குற்றவுணர்ச்சியா? கொஞ்சம் மிகையாக இல்லை?

ஓடியதற்கு மட்டும் என்றால் மிகைதான். ஆனால் நாவலின் கனம் சந்தில் இல்லை, 9-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. பிறந்தநாளுக்கு வந்த கைக்கடிகாரத்தையும் கொஞ்சம் பணத்தையும் ஹஸனின் மெத்தைக்கு அடியில் அமீரே வைத்துவிட்டு, திருட்டு என்று அப்பாவிடம் சொல்கிறான். சந்தில் நடந்தது பயம். இது திட்டம்.

ஏன் திருட்டுப் பழி? உலகில் ஒரே பாவம்தான் உண்டு, அது திருட்டு, மற்றதெல்லாம் அதன் கிளைகள் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. அவர் எதை மன்னிக்கவே மாட்டார் என்று அமீருக்குத் தெரியும். ஹஸன் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்கிறான். அப்பாவோ அந்த நொடியே மன்னித்துவிடுகிறார்! முதல் வாசிப்பில் இது வெறும் பெருந்தன்மையாகத் தெரியும். ஹஸன் அவருக்குப் பிறந்தவன் என்று பின்னால் தெரிந்ததும் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள், வேறு காட்சியாக இருக்கும். திருட்டைப் பாவம் என்றவர், அலியிடமிருந்து என்ன திருடினார்?

வேலைக்காரன் மகன், அதிலும் ஹஸாரா. அவன்மேல் எதைப் போட்டாலும் ஒட்டும். இந்த வசதி இல்லாமல் அமீரின் திட்டமே கிடையாது. சந்தில் நிற்கும்போதும், அவன் வெறும் ஹஸாராதானே என்ற எண்ணம் ஓடி வருகிறது. இனப் பாகுபாட்டைக் கதையின் பின்னணி என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு இடங்களையும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். குற்றவுணர்ச்சியும் இனப் பிரிவும் இங்கே தனித்தனிச் சரக்கு இல்லை.

19-ஆம் அத்தியாயத்தில் காபூல் போகும் வழியில் ஓர் ஏழைக் குடும்பத்தின் மெத்தைக்கு அடியில் அமீர் யாருக்கும் தெரியாமல் பணத்தைச் செருகுகிறான். அதே கை, அதே செய்கை. நடுவில் இருபத்தாறு ஆண்டுகள்.

கேள்வி: ஹஸாராக்கள்மேல் அவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வந்தது?

மதம், முகம், அரசியல் மூன்றும் சேர்ந்தது. பஷ்தூன்கள் பெரும்பாலும் சுன்னி, ஹஸாராக்கள் பெரும்பாலும் ஷியா. மங்கோலியச் சாயல் கொண்ட முகம் என்பதால் தெருவிலேயே அடையாளம் தெரிந்துவிடும். பேசுவது பாரசீகத்தின் ஒரு வட்டார வழக்கு. நாட்டின் நடு மலைப்பகுதியான ஹஸாராஜாத் அவர்கள் மண்.

ஆனால் ஆறாத காயம் 1890-களில் விழுந்தது. ஆப்கானிஸ்தான் மன்னர் அப்துர் ரஹ்மான் கான் (ஆட்சி 1880–1901) 1891 முதல் 1893 வரை படையனுப்பி அவர்களை நசுக்கினார். நிலம் பறிபோய்ப் பஷ்தூன் நாடோடிகள் கைக்குச் சென்றது. ஏராளமானோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். தப்பியவர்கள் குவெட்டாவுக்கும் (இன்றைய பாகிஸ்தான்) ஈரானின் மஷ்ஹதுக்கும் போனார்கள். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது மன்னர் அமானுல்லா காலத்து 1923 அரசியல் சாசனத்தில்தான். அடிமைமுறை போன பிறகும் வீட்டு வேலை, சுமை தூக்குதல் என்று அதே படிக்கட்டின் அடியில் இருந்தார்கள். அலியின் வேலை அதன் தொடர்ச்சி. ஆகஸ்ட் 1998-இல் மஸார்-இ-ஷரீஃபில் தாலிபான் நடத்திய படுகொலையும் நாவலில் பேசப்படுகிறது.

நாவலுக்குள் அமீர் இதைப் பள்ளியில் படிப்பதில்லை. இறந்துபோன அம்மாவின் பழைய வரலாற்றுப் புத்தகத்தில் தற்செயலாகப் பார்க்கிறான். ஆசிரியரிடம் காட்டினால் அவர் மூக்கைச் சுளிக்கிறார்.

கேள்வி: பட்டம் விட்டால் கை அறுபடுமா? ஹஸனின் வேலைதான் என்ன?

அறுபடும். மாஞ்சாதானே! பையன்கள் ஐந்நூறு அடி நூலைக் கண்ணாடித் தூளும் பசையும் கலந்த கூழில் இழுத்து, மரத்துக்கு மரம் கட்டி உலர்த்தி, கட்டையில் சுற்றிக்கொள்வதாக நாவல் சொல்கிறது. தூள் மைய இருக்க வேண்டும், நறநறவென்று இருந்தால் உதிர்ந்துபோகும். பசை கூடினால் நூல் விறைத்து முறியும். ஈரத்தோடு சுற்றினால் கட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

விடுகிறவனுக்கு இரண்டு கையும் நூலில் வேண்டும். ஆகவே கட்டையைப் பிடித்து, நூலை விட்டுச் சுற்றிக்கொடுக்க இன்னொருவன். ஹஸன் அதைச் செய்கிறான். பிறகு அறுந்த பட்டத்தைத் துரத்துவதும் அவன்தான். மற்றவர்கள் வானத்தைப் பார்த்து ஓட, அவன் பட்டம் விழப்போகும் இடத்துக்கு முன்னதாகவே போய் உட்கார்ந்திருப்பான். கடைசியாக அறுந்த பட்டம்தான் பரிசு. விளையாட்டில்கூட யார் விடுகிறார், யார் ஓடுகிறார் என்பது முன்பே முடிவானது. கடைசிப் பக்கத்தில் ஹஸனின் மகனுக்காக அமீர் ஓடுகிறான்.

கேள்வி: இது ஆசிரியரின் சொந்தக் கதையா?

இல்லை. 1965-இல் காபூலில் பிறந்தவர், அப்பா தூதரக அதிகாரி, 1976-இல் பாரிஸ், 1980-இல் அமெரிக்கா என்பதெல்லாம் உண்மை. ஆனால் அமீர் செய்யும் தொழில் எழுத்து. ஹுசைனி இதை எழுதும்போது மருத்துவர்.

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் எடுத்திருக்கிறோம். எப்படிப் பிரிக்கலாம்?

25 அத்தியாயம், மூன்று அமர்வு போதும்: 1–9 காபூல், 10–13 தப்பித்தலும் அமெரிக்காவும், 14–25 திரும்பிப் போவது. 7, 22, 24 மூன்றிலும் சிறுவர்மீதான கொடுமையும் தற்கொலை முயற்சியும் வருகின்றன. உறுப்பினர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

முதல் அமர்வு சந்திலேயே மாட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க அலியிலிருந்து பேச ஆரம்பியுங்கள். அப்பாவும் அலியும் ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஆனால் தன் சின்ன வயதுக் கதைகளில் அப்பா ஒருமுறைகூட அலியை நண்பன் என்று சொல்வதில்லை. அமீர் இதை எங்கே கற்றான் என்பது விளங்கும். இரண்டாம் அமர்வில், அமீர் அமெரிக்காவில் மணக்கும் ஸுரையாவை விட்டுவிடாதீர்கள். திருமணத்துக்கு முன் தன் பழைய கதையை அவளே சொல்லிவிடுகிறாள். தன்னுடையதைச் சொல்ல அமீருக்கு அங்கேயே வாய்ப்பு, வாய் திறப்பதில்லை. மூன்றாவதில், ஹஸனின் குரல் நேரடியாக எவ்வளவு வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பெரியவனான ஹஸன் தானாகப் பேசுவது ஒரு கடிதத்தில் மட்டுமே. நாவலின் பெரிய குறை இது என்பது நம் கருத்து.

கேள்வி: ஹஸன் தம்பி என்று தெரிவது சினிமாத்தனமாக இல்லையா?

கொஞ்சம் அப்படித்தான். அப்பாவின் நண்பர் ரஹீம் கான் ரத்த உறவைச் சொல்லும்வரை, ஹஸனின் மகன் சொராபை அழைத்துவரக் காபூல் போக அமீர் மறுக்கிறான். சொராப் வெறும் ஹஸாராப் பையனாக மட்டும் இருந்திருந்தால் போயிருப்பானா? நாவல் பதில் சொல்லாமல் நழுவுகிறது. ஆனாலும் 25-ஆம் அத்தியாயத்தில் ஒரு சாப்பாட்டு மேசை வருகிறது. வீட்டில் ஏன் ஒரு ஹஸாராப் பையன் என்று ஊர் கேட்டால் என்ன சொல்வது என்கிறார் மாமனார். அப்பாவின் ரகசியத்தை அமீர் அங்கேயே போட்டு உடைக்கிறான். இனி அவனை அப்படிக் கூப்பிடக்கூடாது, அவனுக்குப் பெயர் இருக்கிறது என்று முடித்துவிடுகிறான்.

கேள்வி: படம் பார்க்கலாமா?

மார்க் ஃபார்ஸ்டர் இயக்கி 2007-இல் வந்தது, பெரும்பகுதி தாரி மொழியில் (ஆப்கானிஸ்தானில் பேசும் பாரசீகம்). பாருங்கள், ஆனால் புத்தகத்துக்குப் பிறகு. சந்துக் காட்சியால் தங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து வரும் என்று நடித்த சிறுவர்களின் குடும்பங்கள் அஞ்சியதால் வெளியீடு தள்ளிப்போனது. சிறுவர்கள் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஜனவரி 2008-இல் ஆப்கானிஸ்தான் அரசு படத்தைத் தடை செய்தது.