வாக்குத்தத்த வசனம் வந்தும் ஒன்றும் மாறவில்லையே, எப்படி நம்புவது?

புத்தாண்டு ஆராதனையில் வேதாகமத்தின் எரேமியா 29:11, அந்த வருஷத்துக்கான தேவனுடைய வாக்காகக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் உங்களுக்கு வந்தது, மாதங்கள் போயும் வேலை கிடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற உங்கள் வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அவர்கள் ஊர் திரும்பப் பத்தாம் வசனம் சொல்லும் காலம் 70 வருஷம்! அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியே இருக்க மாட்டார்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி சொன்னது கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை.

சரி, அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த ஊருக்காக ஜெபியுங்கள் என்கிறது கடிதம். எனக்குப் பெரிய ஆறுதல் இந்த இடம்தான். சிறைப்பட்டுப் போன தேசத்திலும் கர்த்தர் அவர்களை வாழச் சொல்கிறார், அங்கேயும் அவர்களோடு பேசுகிறார்.

அதனால் வேலைக்கு விண்ணப்பம் போடுவதை விடாதீர்கள். 12-ஆம் வசனத்தில் "கூடிவந்து" என்று இருக்கிறது, கவனியுங்கள். இந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்காமல், சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி இந்த வாரமே சேர்ந்து ஜெபியுங்கள்.