கொடைக்கானல் டிராஃபிக்ல மாட்டுன குடும்பத்துக்கு அடுத்த வருஷ டூர் பிளான்

கேள்வி: போன மே மாசம் கொடைக்கானல் போனோம், மலைப்பாதையிலயே நாலு மணி நேரம் கார் நகரல, புள்ளைங்க வாந்தி, அம்மாவுக்கு கால் வீங்கிருச்சு. திருப்பூர்ல இருக்கோம். பையன் எட்டாவது, பொண்ணு நாலாவது, அம்மாவுக்கு முட்டி வலி. அடுத்த வருஷம் கூட்டமும் இருக்கக்கூடாது, போனதுக்கு ஏதோ பாத்தோம்னும் இருக்கணும். எங்க போலாம்?

பதில்: மொதல்ல மே மாசத்த விட்ருங்க சார். எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் ஊர் பேரத்தான் கேப்பாங்க, நான் எந்த தேதின்னுதான் திருப்பி கேப்பேன், ஏன்னா பாதி கூட்டம் தேதியில இருக்கு. ஊட்டிக்கும் கொடைக்கும் வண்டியில போக 2024 மே 7லேர்ந்து இ-பாஸ் வந்துச்சு, 2025 சீசனுக்கு ஒரு நாளைக்கு இத்தன வண்டிதான்னு ஹைகோர்ட் ஒரு கணக்கும் போட்டுச்சு, கொடைக்கு சாதாரண நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000. குறைச்சதுக்கு அப்புறமே ஒரு நாளைக்கு 6000 வண்டின்னா அந்த ரோட்ட நெனச்சு பாருங்க.

வால்பாறை சொல்லுவேன்னு எதிர்பாத்திருப்பீங்க, உங்களுக்கு பக்கமும்கூட. ஆனா ஆழியார்லேர்ந்து 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைன்னா 70. வாந்தி எடுக்குற புள்ளைங்கள வச்சுக்கிட்டு எதுக்கு? மலையே வேணாம்னு சொல்றேன்.

இன்னொன்னு, மத்தவங்க ஒரு மணி நேரம் பாத்துட்டு கிளம்பிப்போற ஊரா பாத்து நீங்க ராத்திரி தங்குங்க, அந்த ஊரு சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல உங்களுக்குத்தான். இதுக்கு தரங்கம்பாடிய விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது. வேளாங்கண்ணி, திருநள்ளாறு போற வண்டியெல்லாம் கோட்டை முன்னாடி நிக்கும், போட்டோ எடுப்பாங்க, ஐஸ்கிரீம் வாங்கி சாப்பிட்டுட்டு போயிருவாங்க. அந்த கோட்டை 1620ல டென்மார்க்காரங்க கட்டுனது, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு வந்தவங்க, 1845ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டு போயிட்டாங்க. 1706ல வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கதான் அச்சகம் வச்சு தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சடிச்சாரு. கோட்டைக்கு பக்கத்துலயே கடல் பாதி தின்னுட்டுப்போன மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்து கோயில், காலையில ஆறு மணிக்கு அங்க போய் நில்லுங்க, அலைச்சத்தம் தவிர ஒண்ணும் இருக்காது. எல்லாமே ஒரே தெருவுல, சமதரை, அம்மா மெதுவா நடந்தாலே போதும்.

எப்ப போறதுன்னா, அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் அந்தக் கரையில மழையும் புயலும், அதனால வேணாம். பொங்கலும் வேணாம், காணும் பொங்கலுக்கு சுத்துப்பட்டு சனமெல்லாம் கடற்கரைக்குத்தான் வரும். ஜனவரி கடைசியோ பிப்ரவரியோ ஒரு ஞாயித்துக்கிழமை போய் இறங்குங்க. சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டம் காரைக்கால் வரைக்கும் ரூம நிரப்பிரும். புள்ளைங்களுக்கு ரெண்டு நாள் லீவு போடணுமேன்னு யோசிப்பீங்க, போடுங்க, எட்டாவதுல ரெண்டு நாள் போகலன்னா ஒண்ணும் குடி முழுகிராது, பத்தாவது வந்துட்டா அதுவும் முடியாது. கோயம்புத்தூர் - மயிலாடுதுறை ஜன் சதாப்தி திருப்பூர்ல நிக்கும், ஓடுற நாள பாத்து புக் பண்ணுங்க. மயிலாடுதுறையில இறங்கி ஒரு ஆட்டோவோ காரோ பிடிச்சா போச்சு.

ஒரு பெரிய டூரும் வேணும்னா காலாண்டு லீவுக்கு பாதாமி. கர்நாடகாவுக்கு போறவங்க ஹம்பியோட நின்னுருவாங்க, இன்னும் கொஞ்சம் மேல இருக்குற இது தப்பிச்சுக்கிச்சு. மழை பெஞ்சு ஏரி நிறைஞ்சிருக்குற நேரம், செவப்பு பாறை, அதுல நாலு குடைவரை, மூணாவது குகையில 578ஆம் வருஷத்து கல்வெட்டு இருக்கு. உங்க பையன் பாடத்துல படிச்ச வாதாபி இதுதான், 642ல நரசிம்மவர்ம பல்லவர் பிடிச்ச ஊரு, அவரு கல்வெட்டும் அங்க பாறையில இருக்கு. அதுக்கு நூறு வருஷம் கழிச்சு வாதாபிய ஆண்ட சாளுக்கியங்க காஞ்சிபுரத்த பிடிச்சாங்க, ஆனா கைலாசநாதர் கோயில்ல கை வைக்கல, திரும்பிப்போய் பக்கத்துல பட்டடக்கல்ல அதே சாயல்ல ஒரு கோயில் கட்டுனாங்க. விரூபாட்சர் கோயில், பாத்தா உங்களுக்கே தெரியும். பட்டடக்கல் பூரா புல்தரை, அம்மாவுக்கு பிரச்சனையில்ல. பாதாமி குகைக்குத்தான் படி ஏறணும், அந்த நேரம் அவங்கள ஏரிக்கரையில பூதநாதர் கோயில் பக்கம் உக்கார வச்சிருங்க, அதுவே தனி அழகு.

பெங்களூர்லேர்ந்து கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ்ல சாயந்திரம் ஏறினா மறுநாள் காலையில பாதாமி. இப்ப ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, லீவு தேதி தெரிஞ்சதும் காலண்டர்ல குறிச்சு வைங்க, ஆயுத பூஜைய ஒட்டி வர்ற நாள தவிர்த்துருங்க. ரெண்டு நாள் ராத்திரி தங்கணும், குகைய கதவு திறந்த உடனே பாத்துருங்க, பத்து மணிக்கு மேல ஸ்கூல் பஸ்ஸா வரும். அப்புறம் குரங்கு. பொண்ணு கையில சிப்ஸ் பாக்கெட் குடுத்து படி ஏத்திராதீங்க, மொதல்ல அவகிட்டத்தான் வரும்.